மொட்டைமாடி உரத்துக்கு முதலில் சருகு சேருங்கள்

சமையலறைக் கழிவில் உரம் போட ஆரம்பிப்பவர்களில் பலர் பாதியில் விட்டுவிடக் காரணம் நாற்றம்தான். காய்கறித் தோலில் தண்ணீரும் தழைச்சத்தும் அதிகம். அதை மட்டும் குவித்தால் காற்றுப் போகாமல் அழுகும்; காய்ந்த இலை சேர்ந்தால்தான் மக்கும். ஆகவே வாளி தேடுமுன் சருகு தேடுங்கள். சென்னையில் மாசி, பங்குனியில் வேப்பமரங்கள் கொட்டித் தீர்க்கும். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்காவிடம் சொல்லிவைத்து, சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்வேன். சருகு கிடைக்காவிட்டால் தென்னைநார்த் தூள் போதும்.

20 லிட்டர் பெயின்ட் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடிகிற நீருக்குக் கீழே ஒரு தட்டு. அடியில் நாலு விரற்கடைக்குச் சருகு. அப்புறம் தினமும் ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு. கழிவு கண்ணுக்கே தெரியக் கூடாது. வாழைப்பழத் தோல், டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போகலாம். மீன், எண்ணெய், உப்புப் போட்ட குழம்பு வேண்டாம். புளித்த மோரில் தண்ணீர் கலந்து அவ்வப்போது தெளித்தால் சீக்கிரம் மக்கும்.

ஈரம் சரியா என்று கைதான் சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். பிடியைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். உருண்டை லேசாக நின்றால் சரி. நடுவில் தட்டையான பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பயப்படாதீர்கள். அவை கடிக்காது, கழிவைத் தின்று வேலையைக் குறைக்கும்.

வாளி நிறைந்ததும் மூடி, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசம் வரும். சலித்து, தங்கிய கப்பியை அடுத்த வாளிக்குப் போடுங்கள்.

2022 ஏப்ரலில் சென்னையில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி குப்பைக்கிடங்கு பற்றி எரிந்தது. காற்றில்லாமல் புதைந்து அழுகும் உணவுக் கழிவில் எரியக்கூடிய மீத்தேன் கிளம்பும். நம் வீட்டுத் தோல் அங்கே போகவே வேண்டாம்.

உரம் தொட்டிச் செடிகளுக்குப் போக மிஞ்சினால் தெருமரத்துக்குப் போடுங்கள். நகரத்து மரங்கள் பல கட்டட இடிபாட்டு மண்ணில்தான் நிற்கின்றன. மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே, மண்ணை லேசாகக் கொத்தி, அடிமரத்தை ஒட்டாமல் ஒரு அடி தள்ளி, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே சருகைப் போட்டு மூடுங்கள்.