அம்மா விளக்கோடு வருவா: கெட்ட கனவைத் திருப்பும் வழி

கடல் எழும்பி வரும் கனவு எனக்குப் பல வருசம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 11 வயது. திருகோணமலையின் திருக்கடலூரில் எங்கள் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்தேன். கனவில் அது டச்சு பே கடற்கரையில் நடக்கும். நான் மணலில் நிற்பேன், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பும்.

ஒரு விடியற்காலை, கனவுக்குள்ளேயே "இது கனவுதான்" என்று தெரிந்துவிட்டது. இனி எல்லாம் என் கையில் என்று நினைத்து, அலையைப் பார்த்து "நில்!" என்று கத்தினேன். அது இன்னும் வேகமாக வந்தது. வாய் நில் என்றது, நெஞ்சு வரப்போகிறது என்றது. கனவு நெஞ்சின் பேச்சைத்தான் கேட்கும். இது விளங்க எனக்கு நெடுநாள் பிடித்தது. நீங்கள் அவ்வளவு காலம் கஷ்டப்பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கனவென்று தெரிந்தே கனவு காண்பது கட்டுக்கதை இல்லை. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி என்பவர், ஆய்வாளர் கீத் ஹேர்னோடு முன்பே பேசி வைத்தபடி, நித்திரையில் இருந்துகொண்டே கண்ணை இடமும் வலமும் அசைத்துச் சைகை கொடுத்தார். கனவு நித்திரையில் கைகால் கட்டுண்டு கிடக்கும், கண் அசையும். இதே ஹேர்ன் பிறகு, இப்படிக் கனவு காண்பவர்களிடம் கனவில் லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பலருக்கு எரியவில்லை.

எனக்கும் எரிந்ததில்லை. சண்டைக் காலத்தில் வளர்ந்தவள் நான். சுவிட்சைப் போட்டால் லைட் வராது என்பதுதான் என் கைக்குப் பழக்கம். கரண்ட் போனதும் அம்மா குசினியிலிருந்து குப்பி விளக்கைக் கொண்டு வருவா. சுடர் அணையாமல் ஒரு கையால் மறைத்திருப்பா, விரல் இடுக்குகள் சிவப்பாகத் தெரியும், மண்ணெண்ணெய் மணம் முன்னால் வரும். ஓர் இருட்டுக் கனவில் சுவிட்சை விட்டுவிட்டு, "இப்ப அம்மா வருவா" என்று குசினிப் பக்கம் பார்த்து நின்றேன். வந்தா.

ஆகவே கனவில் எதை வரவழைக்கலாம் என்று தேடும்போது, ஆயிரம் தரம் பார்த்துப் பழகியதை எடுங்கள். பறப்பேன், அலையை வெட்டுவேன் என்பதை என் உடம்பு நம்பாது. நுரை கணுக்கால் வரை வந்து திரும்பும் என்பதை நம்பும். அதற்காகவே பின்னேரங்களில் டச்சு பேயில் போய் நின்றேன். நுரை வரும், காலைச் சுற்றும், திரும்பும்போது குதிக்காலுக்கு அடியில் இருக்கும் மணலை உருவிக்கொண்டு போகும். அந்த உருவல் மனதில் பதியும்வரை நின்றேன்.

இரவு படுக்க முன், கனவின் புது முடிவைக் கொப்பியில் எழுதி, கண்ணை மூடிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களும் கெட்ட கனவுக்கு இந்த ஒத்திகையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மிகக் கொடிய கனவில் தொடங்காதீர்கள், சின்னதாக ஒன்றை எடுங்கள். ஒரு இரவில் நடக்காது, சில கிழமை பொறுக்க வேண்டும்.

கனவென்று கண்டுபிடிக்க, பகலில் கடைப் பலகையை வாசித்து, முகத்தைத் திருப்பி, மறுபடி வாசித்துப் பழகுங்கள். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிப் போகும். ஐந்து மணித்தியாலம் தூங்கி எழும்பி, "அடுத்த கனவில் இது கனவென்று நினைவு வரும்" என்று சொல்லிப் படுப்பதும் உதவும், ஏனென்றால் விடியும் பக்கம்தான் கனவு நித்திரை நீளம். கிழமைக்கு ஒருநாள் போதும், நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

கனவுக்குள் "வருமா, வராதா?" என்று எட்டிப் பார்க்காதீர்கள், அந்தச் சந்தேகமே கெட்டதைக் கூட்டி வரும். கண்ணுக்குத் தெரியாத பக்கம், கதவுக்குப் பின்னால், முடக்குக்கு அப்பால், நல்லதை வைப்பது சுலபம். பயம் கூடினால் உள்ளங்கைகளைத் தேயுங்கள்.

பழைய காயத்தால் நித்திரையே இல்லாதவர்கள் தனியே இதைச் செய்ய வேண்டாம். மருத்துவரிடம் போங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அண்ணாவின் மகனுக்கு ஒன்பது வயது. நாய் துரத்தும் கனவு.

"துரத்தினா என்ன செய்வாய்?"

"ஓடுவன் மாமி. அதுவும் ஓடி வரும்."

"வீட்டில உங்கட நாய் ஓடி வந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "நான் குந்துவன். அது வந்து கையை நக்கும்."

அதையே தினமும் படுக்க முன் செய்து பார்க்கச் சொன்னேன். மூன்றாம் கிழமை காலையில் பல் தீட்டாமலே ஓடி வந்தான்: "மாமி, குந்தினன். நாக்கு சூடா இருந்தது."