கெமாட்ரியா போடுறது எப்படி? கூட்டல் ஈஸி, எழுத்துதான் வம்பு

கெமாட்ரியான்னதும் ஏதோ மந்திரம்னு பயந்துடாதீங்க. ஹீப்ரூல எழுத்தே எண்ணாவும் வேலை செய்யும், அதனால எந்த வார்த்தைய எடுத்தாலும் அதுக்குன்னு ஒரு கூட்டுத்தொகை இருக்கும், அத கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை.

ஸ்டெப் 1: மொத்தம் 22 எழுத்து, இத ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க.

ஆலெப் 1, பேத் 2, கிமெல் 3, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, சயின் 7, ஹேத் 8, தேத் 9

யோத் 10, காப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, சாமெக் 60, அயின் 70, பே 80, சாதே 90

கோப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400

வரிசை மனசுல நிக்கலன்னா பைபிள்ல 119ஆம் சங்கீதத்த பாருங்க, இதே வரிசைல எழுத்துக்கு 8 வசனம், மொத்தம் 176.

ஸ்டெப் 2: வார்த்தைய எழுத்து எழுத்தா பிரிங்க. இங்கதான் எல்லாரும் சறுக்குறோம். காதுல கேக்குற சத்தத்த வச்சு பிரிக்கக் கூடாது, எழுதியிருக்கறத பாத்துதான் பிரிக்கணும், ஏன்னா உயிர் ஒலி பாதிய எழுதவே மாட்டாங்க. நான் மொத தடவ 'ஹயிம்' (வாழ்வு) போட்டப்போ ஹேத், யோத், மேம்னு எழுதி 58னு சந்தோஷமா முடிச்சிட்டேன், அப்புறம் பாத்தா அதுல யோத் ரெண்டு இருக்கு, 8+10+10+40, சரியான விடை 68. கடைசில வர்ற மேமுக்கு வடிவம் மாறும், சில முறைல அதுக்கு 600னு தனி மதிப்பு கூட உண்டு, இப்போதைக்கு 40னே வச்சுக்கங்க.

ஒரே ஒரு எழுத்து என்ன பண்ணும்னு பாக்கணுமா? 'நேரோன் கேசர்' (நீரோ சீசர்)ங்கிறத ஹீப்ரூல எழுதினா நூன், ரேஷ், வாவ், நூன், கோப், சாமெக், ரேஷ். கூட்டினா 666. லத்தீன்ல சொல்ற மாதிரி 'நேரோ'ன்னு முடிச்சா ஒரு நூன் போயிடும், 616. பைபிளோட கடைசி புத்தகம் வெளிப்படுத்தின விசேஷத்துல ஒரு மிருகத்தோட எண் 666னு வரும், அதோட சில பழைய பிரதில 666க்கு பதிலா 616னே இருக்கு! அந்த மிருகம் ரோம் பேரரசன் நீரோதான்னு நெறைய ஆய்வாளர்கள் சொல்றதுக்கு இது ஒரு காரணம்.

ஸ்டெப் 3: அதே தொகை வர்ற இன்னொரு வார்த்தைய தேடுங்க, சுவாரசியமே இதுலதான். 'அஹவா' (அன்பு) 1+5+2+5 = 13. 'எஹாத்' (ஒன்று) 1+8+4 = 13. ரெண்டையும் சேத்தா 26, கடவுளோட நாலெழுத்து பேர் யோத், ஹே, வாவ், ஹே கூட்டினாலும் 26. அன்பும் ஒருமையும் சேந்தா கடவுள்னு இதுக்கு விளக்கம் சொல்வாங்க. அழகா இருக்கு, ஆனா என்னைக் கேட்டா இத நிரூபணமா எடுத்துக்கக் கூடாது, சின்ன எண்ணுன்னா எக்கச்சக்க வார்த்தை பொருந்தும், நமக்கு பிடிச்சத மட்டும் பொறுக்கிட்டு மத்தத விட்டுடுவோம்.

இப்போ நீங்க போட்டு பாருங்க. எலியேசர்: ஆலெப், லாமெத், யோத், அயின், சயின், ரேஷ். பைபிள்ல ஆதியாகமம் 14:14ல சகோதரன் மகன் லோத்த மீட்க ஆபிராம் கூட்டிட்டு போன ஆளுங்க 318 பேர், அது உண்மைல அவரோட வேலைக்காரன் எலியேசர் ஒருத்தன்தான்னு ரபிமார்கள் (யூத மத போதகர்கள்) சொன்னது இந்த கணக்க வச்சுதான். உங்களுக்கு 308 வந்துச்சுன்னா என்னை மாதிரியே யோத்த விட்டிருக்கீங்க.