வீட்டுச் செலவு சிக்கனமா? மாதக் கணக்கில் அளந்து பார்க்கும் முறை

கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. வாடகை போக மாதம் 22,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது சிக்கனமா, ஊதாரித்தனமா? தொகையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் 16,000-க்குள் முடிகிறதென்றால், அவர்களுக்கு ஊரிலிருந்து அரிசி மூட்டை வருகிறதோ என்னவோ. எவ்வளவு பொருள் தீர்ந்தது, என்ன விலைக்கு வாங்கியது, எவ்வளவு குப்பைக்குப் போனது என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

வாடகை, கடன் தவணை, சீட்டு, நகைச் சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிவிடுங்கள். சீட்டுப் பணம் சேமிப்பு. அதை வீட்டுச் செலவில் சேர்த்து எழுதிவிட்டு மளிகையில் கைவைப்பவர்கள் நிறையப் பேர். வண்டி சர்வீஸ், தீபாவளித் துணி, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை 12-ஆல் வகுத்து ஒரு மாதப் பங்கை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது இருப்புக் கணக்கு. மாதத்தின் முதல் நாள், மளிகை வாங்கும் முன், அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், சர்க்கரை, காபித்தூள் இந்த ஆறை மட்டும் எடை போடுங்கள். கடுகு, வெந்தயம் வரை போட ஆரம்பித்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். மாதக் கடைசியில் மறுபடி எடை போடுங்கள். தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் தீர்ந்தது எவ்வளவு என்று வரும். உதாரணமாக அரிசி 8 கிலோ இருந்தது, 25 கிலோ சிப்பம் ஒன்று வாங்கினீர்கள், கடைசியில் 19 கிலோ மிச்சம். தீர்ந்தது 14 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் இந்த மாத அரிசிச் செலவு 840 ரூபாய்தான். பில்லை மட்டும் பார்த்தால் 1,500 என்று தெரியும். அடுத்த மாதம் சிப்பமே வாங்காதபோது சிக்கனமாகிவிட்டதாகவும் தோன்றும்.

அம்மா வீட்டிலிருந்து வரும் அரிசி, பருப்பு, வத்தல், ஊறுகாய் எல்லாவற்றையும் கடை விலையில் எழுதுங்கள். ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கிய துவரம்பருப்பையும் 25 ரூபாய்க்கு வாங்கிய பாமாயிலையும் கொடுத்த விலையிலேயே எழுதலாம். அது அட்டை இருக்கும்வரை நிலையாகக் கிடைப்பது. விருந்தாளிகள் வந்த நாட்களில் எத்தனை பேர், எத்தனை வேளை சாப்பிட்டார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் மாமியார் வந்துபோன வாரம் உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும்.

கேஸுக்கு, சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதி வைத்தாலே போதும். 14.2 கிலோ சிலிண்டர் 55 நாள் வந்த வீட்டில் 42 நாளில் தீர்ந்தால் சமையல் கூடியிருக்கிறதா, குளிக்க வெந்நீர் அடுப்பில் வைக்கிறார்களா, பர்னர் அடைத்து ஜ்வாலை மஞ்சளாக எரிகிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டர், டியூப் இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைகிறது. ரீடிங் எடுத்து 30-ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் ஏ.சி.யையும் கீசரையும் அப்போதே கவனிக்கலாம். பில் வந்தபின் பார்த்துப் பயனில்லை.

வீண் பொருள் கணக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரத்துக்கு மூடி போட்ட டப்பா ஒன்று வைத்து, கொட்டப்போகும் சோறு, குழம்பு, புளித்த மாவு, அழுகிய காய் எல்லாவற்றையும் அதில் போட்டு, தினமும் ராத்திரி எடை பார்த்து எழுதிவிட்டுக் கொட்டுங்கள். தோலும் காம்பும் இதில் சேராது. மாவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்து 85 ரூபாய் என்றால், அரைத்ததும் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். கிலோவுக்கு 28 ரூபாய். கடை மாவு 50 ரூபாய். வீட்டு மாவுதான் லாபம், ஆனால் அதில் பாதி புளித்துக் கொட்டினால் சாப்பிட்ட மாவு கிலோ 56 ரூபாய் ஆகிவிடுகிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் அரை கிலோ அரிசிக்கு அரைப்பதே சரி.

விலைக்கு, பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கிராம் விலையைப் பாருங்கள். எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம். பார்வைக்கு அதேபோல் இருக்கும் பாக்கெட்டில் 850, 800 கிராம்கூட இருக்கும். டயப்பரை ஒரு பீஸ் விலையில் ஒப்பிடுங்கள், பெரிய பேக்கை மட்டும் யோசித்து வாங்குங்கள்: குழந்தை அடுத்த சைஸுக்கு மாறிவிட்டால் மிச்சம் வீண்.

யு.பி.ஐ. ஸ்டேட்மென்ட்டில் 200 ரூபாய்க்குக் கீழ் போனவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். டீ, பஜ்ஜி, ஆட்டோ, பத்து நிமிட டெலிவரி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆப்பில் சாப்பாடு வாங்கினால் பில் தொகையிலிருந்து அதே ஹோட்டலின் கவுன்ட்டர் விலையைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் வசதிக்குக் கொடுத்த விலை. அதை ‘வசதி’ என்று தனி வரியில் எழுதுங்கள்.

இனி முடிவு. கொட்டியதன் விலையை நான்கால் பெருக்கி மாதத்துக்கு ஆக்குங்கள். அது சமையலறைச் செலவில் நூற்றுக்கு 5-க்கு மேல் போனால் சிக்கனம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். ‘வசதி’ வரி நூற்றுக்கு 10-க்கு மேல் என்றால், இருவரும் வேலைக்குப் போகும் வீடாக இருந்தாலும் பாதியாவது தவிர்க்கக்கூடியதாக இருக்கும். இரண்டும் குறைவாக இருந்து, மொத்தம் மட்டும் அதிகம் என்றால் அது பெரும்பாலும் விலைவாசி. உங்கள் கையில் இல்லை. குழந்தையின் பால், முட்டை, கீரை ஆகியவற்றைக் குறைத்து வந்த தொகையைச் சிக்கனத்தில் சேர்க்காதீர்கள்.

கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் மாதம் எல்லோரும் ஒழுங்காகத்தான் நடப்பார்கள், அதனால் இரண்டாம் மாதக் கணக்கை நம்புங்கள். தீபாவளி, பொங்கல் மாதங்களிலும் பள்ளி திறக்கும் ஜூனிலும் அளக்க வேண்டாம்.