அவனோஸ்ல ரெண்டு நாள்: துருக்கிக்குப் புதுசா வந்தவங்களுக்கு

அங்காராவுக்கோ இஸ்தான்புல்லுக்கோ வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கி, வீடு பாத்து, பேங்க் அக்கவுண்ட் திறந்து, இகாமெத்துக்கு, அதாவது இங்க தங்குறதுக்கான அனுமதிக்கு, அப்ளிகேஷன் போட்டு கார்டும் கைக்கு வந்தாச்சு, இப்போ முதல் தடவையா சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு வருதுன்னு வைங்க. யாரைக் கேட்டாலும் நாட்டுக்கு நடுவுல இருக்குற பாறைப் பிரதேசமான கப்படோக்யாவுக்குப் போ, பலூன் ஏறுன்னுதான் சொல்லுவாங்க. தாராளமா போங்க. ஆனா ரூம் மட்டும் டூரிஸ்டுங்க கூடுற கோரெமேல போடாம, அதே கப்படோக்யாவுல இருக்குற அவனோஸ்ங்கிற பானை ஊர்ல போடுங்க, ஆத்துப் பக்கமா.

நான் வந்த வருஷம் ஒரு டூர் வண்டியில ஏறி ஒரே நாள்ல ஏழெட்டு இடம் பாத்தேன். அவனோஸ்ல ஒரு பானைக் கடை வாசல்ல இறக்கிவிட்டு அரை மணி நேரம்தான் கொடுத்தாங்க, ஆறு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட தெரியாம திரும்பிட்டேன். அடுத்த வசந்தத்துல தனியா போய் ரெண்டு ராத்திரி தங்கினப்புறம்தான் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டுச்சு, சொல்லப்போனா இந்த நாடே அங்கதான் கொஞ்சம் பிடிபட்டுச்சு.

அந்த ஆத்துக்குப் பேரு கிசிலிர்மாக். கிசில்னா சிவப்பு, இர்மாக்னா ஆறு, அதாவது செவ்வாறு. முழுசா துருக்கிக்குள்ளேயே ஓடுற ஆறுகள்ல இதுதான் நீளமானது, சிவாஸ் பக்கம் மலையில பொறந்து நாட்டுக்கு நடுவுல ஒரு பெரிய வளைவு போட்டு பாஃப்ரா பக்கத்துல கருங்கடல்ல சேருது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க ஆண்ட ஹிட்டைட்டுங்க காலத்துல மரசந்தியான்னு கூப்பிட்டாங்க, கிரேக்கர்கள் ஹாலிஸ்னாங்க. மேற்குப் பக்கம் இருந்த லிடியா நாட்டு ராஜா குரோசஸ் இந்த ஆத்தைத் தாண்டினா ஒரு பெரிய ராஜ்ஜியம் அழியும்னு குறி கேட்டுட்டுத் தாண்டி, கடைசியில அழிஞ்சது அவரோட ராஜ்ஜியம்தான்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்காரு. அது இதே ஆறுதான். இன்னைக்கு அதுல வாத்துங்க நீந்துது, கரையில தாத்தாக்கள் உக்காந்து சாய் குடிக்கிறாங்க.

முதல்ல பயணம். அங்காராவுல அஷ்திங்கிற ஓட்டோகார்லருந்து, அதாவது பஸ் ஸ்டாண்டுலருந்து, நெவ்ஷெஹிருக்கு பஸ், நாலஞ்சு மணி நேரம் ஆகும். அங்கருந்து அவனோஸுக்கு தொல்முஷ், நம்ம ஊர் ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும் கலந்த மாதிரி. இஸ்தான்புல்லருந்துன்னா ராத்திரி முழுக்க பஸ், இல்லேன்னா நெவ்ஷெஹிருக்கோ கய்சேரிக்கோ ஃப்ளைட். கய்சேரி தூரம் ஜாஸ்தி, அதனால ஹோட்டல்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி ஷட்டில் பிடிச்சிடுங்க. டிக்கெட் போடும்போது ஆணா பெண்ணான்னு கேப்பாங்க, முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்து சீட்ல போட மாட்டாங்க, தனியா போற பொண்ணுங்களுக்கு இது ரொம்ப நிம்மதி. பஸ் எங்க நிக்கும்னு வாங்கும்போதே தெளிவா கேட்டுக்கோங்க, ஒரு தடவை என்னை ஓட்டோகாருக்குள்ள விடாம மெயின் ரோட்டு ஓரத்துல ராத்திரி இறக்கிட்டாங்க, பெட்டியோட நடந்தேன். பஸ்ஸுல உதவியாளர் சாயும் பிஸ்கட்டும் கொண்டு வருவார், சில பஸ்ல எலுமிச்சை வாசனையோட கொலோன்யாவை உள்ளங்கையில ஊத்துவார், கையில தேச்சுக்கணும், அது அவங்க மரியாதை.

இகாமெத் கார்டோ பாஸ்போர்ட்டோ கட்டாயம் கையில இருக்கட்டும். வழியில ஜாந்தர்மா, அதாவது ஊர்ப்புறத்துக் காவல் படை, பஸ்ஸை நிறுத்தி ஐடி பாப்பாங்க, எல்லாருக்கும் நடக்குறதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. ஹோட்டல்லயும் பதிவு பண்ண கேப்பாங்க. தொல்முஷுக்குச் சில்லறை லிரா வச்சுக்கோங்க. விலையெல்லாம் நான் எழுதல, நீங்க படிக்கிறதுக்குள்ள மாறிடும். அவசரம்னா 112.

எப்போ போலாம்? ஏப்ரல் கடைசிலருந்து ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். குளிர்காலத்துல ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போயிடும், மே மாசத்துலயே காலையில ஸ்வெட்டர் வேணும். பைரம்னா பண்டிகை, ரம்ஜான் பைரம் மூணு நாள், பக்ரீதான குர்பான் பைரம் நாலு நாள், அந்த நேரத்துல மட்டும் கிளம்பாதீங்க, பொங்கலுக்கு மெட்ராஸே காலியாகி ஊருக்குப் போற மாதிரி இங்க மொத்த நாடும் ரோட்டுல இருக்கும்.

போய்ச் சேர்ந்த அன்னைக்கு எதுவும் பாக்காதீங்கன்னு சொல்லுவேன். ஆத்தங்கரையில நடங்க, மரப்பலகை போட்ட தொங்கு பாலம் ஒண்ணு இருக்கு, நடக்க நடக்க ஆடும், சின்னப் பசங்க வேணும்னே குதிப்பாங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா அந்தப் பக்கம் போங்க. சாய்கடையில உக்காந்தா டம்ளர் காலியாக ஆக இன்னொண்ணு வரும், போதும்னா ஸ்பூனைக் குறுக்கால டம்ளர் மேல வைங்க.

மறுநாள் காலையில பானை. ஆத்துப் படுகையில கிடைக்கிற செம்மண்ணுதான் இந்த ஊருக்குச் சோறு போடுது, ஹிட்டைட் காலத்துலருந்தே. மண்ணைப் பிசைஞ்சு, காலால உதைச்சு சக்கரத்தைச் சுத்தி, கைவிரலால மேல ஏத்துவாங்க. நம்ம மானாமதுரையைப் பாத்தவங்களுக்கு அந்த ஈர மண் வாசனை ஒண்ணே போதும், தொண்டை அடைச்சுக்கும். பானை செய்யத் தெரியாதவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்கன்னு அந்தக் காலத்துப் பேச்சும் ஊருக்குள்ள உண்டு. மெயின் ரோட்டுல பெரிய ஷோரூம்ல பஸ் கூட்டம் இருக்கும், அதை விட்டுட்டு பழைய ஊர்ச் சந்துக்குள்ள ஏறுங்க, சின்னப் பட்டறை வாசல்ல நின்னு "கொலாய் கெல்சின்"னு சொல்லுங்க. வேலை சுலபமா நடக்கட்டும்னு அர்த்தம், வேலை செய்றவங்க யாரைப் பாத்தாலும் சொல்ற வார்த்தை. அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் ஸ்டூலை நகர்த்தி உக்காரச் சொல்லிடுவாங்க, சக்கரத்துல கை வைக்கவும் விடுவாங்க. அப்படி மணிக்கணக்கா உக்காந்திருந்தா கிளம்பும்போது சின்னதா ஒரு கிண்ணமாவது வாங்குங்க, அவங்க நேரத்துக்கு நாம கொடுக்குற மரியாதை.

பாஷைன்னு யோசிக்காதீங்க, தமிழ் தெரிஞ்சவங்களுக்கு துருக்கிஷ் மத்தவங்க பயப்படுற அளவுக்குப் பயமில்ல. எவ்-னா வீடு, எவ்லேர்-னா வீடுகள், எவ்லேர்தே-ன்னா வீடுகள்ல. நாம ஒட்டுற மாதிரியே ஒண்ணு பின்னால ஒண்ணா ஒட்டுறாங்க, வினைச்சொல்லும் கடைசியிலதான். முறை வச்சுக் கூப்பிடுறதும் நம்ம பழக்கம்தான், பெரியவரை பேரு சொல்லி பின்னால ஆபி சேத்தா அண்ணன், ஆப்லா சேத்தா அக்கா. பேரு தெரியலன்னா வெறும் ஆபி, ஆப்லாவே போதும். தொல்முஷ்ல இறங்கணும்னா "முசாயித் பிர் யெர்தே"ன்னு குரல் கொடுங்க, தோதான இடத்துல நிறுத்துவாங்க.

சாப்பாடு. டெஸ்டி கெபாப்னு ஒண்ணு, மண் கூஜாவுக்குள்ள கறியும் காயும் போட்டு வாயை மாவால மூடி வேகவச்சு, நம்ம முன்னாடியே கூஜாவை உடைச்சு ஊத்துவாங்க, முன்கூட்டியே சொல்லி வைக்கணும். சைவம்னா மெர்ஜிமெக் சோர்பா, அதாவது மசூர் பருப்பு சூப், அப்புறம் உருளைக்கிழங்கோ சீஸோ உள்ள வச்சுச் சுட்ட மெல்லிசு ரொட்டியான கோஸ்லெமே. "எத்சிஸ்"னா கறி இல்லாததுன்னு அர்த்தம், ஆனா அது மட்டும் சொன்னா பத்தாது, சூப்பும் சோறும் கறித் தண்ணியிலயோ கோழித் தண்ணியிலயோ வேகவச்சிருப்பாங்க, "எத் சுயு வார் மி?"ன்னு தனியா கேளுங்க. பீன்ஸ் குழம்புலயும் கறித்துண்டு இருக்கலாம். காரம் பத்தலன்னா புல் பிபெர் கேளுங்க, மிளகாய்த்தூள் வரும். அய்ரான் நம்ம உப்பு போட்ட மோரேதான், மத்தியான வெயிலுக்கு அமிர்தம். வெள்ளிக்கிழமை இருந்தீங்கன்னா வாரச்சந்தைக்குப் போய் பெக்மெஸ் வாங்குங்க, திராட்சையைக் காய்ச்சின பாகு, இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் மாதிரி இங்க காலை ரொட்டிக்கு தஹினிங்கிற எள்ளு விழுதும் இதுவும். தோசைக்கும் நல்லா இருக்கு, நான் போட்டுப் பாத்துட்டேன்.

மத்தியானத்துக்கு மேல ஏதாவது ஒரே ஒரு இடம் போதும். எனக்குப் பிடிச்சது ஸெல்வே, பாறையைக் குடைஞ்ச பழைய கிராமம், பாறை இடியுற ஆபத்தால 1952ல மக்களை வெளியேத்தினாங்க, அடுப்புப் புகை படிஞ்ச சுவரு இன்னும் கருப்பா நிக்குது. இல்லேன்னா ஊருக்குக் கிழக்கே சாருஹான், 1249ல செல்ஜுக் துருக்கியர் ஆண்ட காலத்துல கட்டின வணிகர் சத்திரம், ஒட்டகக் கூட்டம் ராத்திரி தங்கின இடம். பலூன் ஆசை இருந்தா போய்ச் சேர்ந்த மறுநாள் விடியக்காலைக்கே போட்டுக்கோங்க, காத்து சரியில்லைன்னா பறக்க அனுமதி கிடைக்காது, அடுத்த நாள் கையில இருக்கும்.

திரும்புற அன்னைக்கு வாங்கின கிண்ணத்தை ஸ்வெட்டருக்குள்ள சுத்திக் கைப்பையில வைங்க, பஸ்ஸுக்கு அடியில போடுற பெட்டியில வேணாம். என் முதல் கிண்ணம் அப்படித்தான் உடைஞ்சது, ரெண்டாவதுல இப்போ அங்காரா வீட்டு ஜன்னல்ல கறிவேப்பிலைக் கன்னு நிக்குது.