காதுக்கும் நல்லது சாளை

களியக்காவிளைச் சந்தையில் சாளை (மத்தி மீன்) மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். உள்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது ஒரேயொரு மெல்லிய தமனி. அது அடைபட்டால் மாற்று வழி கிடையாது. இரத்த ஓட்டத்துக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பு சாளையில் நிறைய இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், வாரம் 2 முறையாவது மீன் சாப்பிட்ட பெண்களுக்குச் செவித்திறன் குறையும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது.

எண்ணெயில் பொரிக்க வேண்டாம். தேங்காய் அரைத்து, புளியிட்டு, மண்சட்டியில் கொதித்த குழம்பும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் போதும், அதைவிட ருசி வேறென்ன! மீன் தொடாதவர்களுக்கு முருங்கைக்கீரை, பாசிப்பயறு.

ஆனால் இரைச்சலில் அழிந்த, ஒலியை உணரும் உள்காது முடியணுக்களை எந்த உணவும் மீட்டுத் தராது. மர அறுவை மில்லில் வேலை செய்கிறவர்கள் காதடைப்பானைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.