ஆங்கில ஒலிகளும் அவற்றின் புணர்ச்சியும்: தமிழர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமாவுக்கான ஆங்கிலச் சொல்லை ‘அங்கிள்’ என்கிறோம். அதில் வரும் ககரம் ‘தங்கை’யில் வருவதுபோலத் தொண்டை அதிர ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பதோ ‘பக்கம்’ என்பதில் வரும் அதிர்வில்லாத க். கம்பெனி, சிம்பிள், டெம்பிள் எல்லாவற்றிலும் நாம் இதையேதான் செய்கிறோம். மெல்லினத்தை அடுத்த வல்லினம் தமிழில் தானாக அதிரும். நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆங்கிலத்தில் அதிர்வு பொருளையே மாற்றிவிடும். கணுக்காலுக்கான சொல்லும் கோணத்துக்கான சொல்லும் இந்த ஓர் அதிர்வால்தான் வேறுபடுகின்றன.

ஒலிகளை வகைப்படுத்தும்போது எழுத்தைப் பார்ப்பதுதான் முதல் தவறு. எழுத்துகள் 26. மரபான பிரிட்டிஷ் உச்சரிப்பில் மெய்யொலிகள் மட்டும் 24, உயிரொலிகள் 20. ஒவ்வொரு மெய்யையும் மூன்று கேள்விகளால் அடையாளம் காணலாம்: தொண்டை அதிர்கிறதா, காற்று எங்கே தடைபடுகிறது, எப்படித் தடைபடுகிறது. கடைசிக் கேள்வியின்படி அந்த 24இல் வெடிப்பொலி (காற்றை முழுதும் அடைத்துத் திறப்பது) 6, தடையுரசொலி (அடைத்து, பிறகு உரச விடுவது) 2, உரசொலி (குறுகிய வழியில் உரசி வருவது) 9, மூக்கொலி 3, மருங்கொலி (நாக்கின் பக்கவாட்டில் காற்று போவது) 1, உரசாமல் நழுவுபவை 3. நமக்கு இடறுவது பெரும்பாலும் உரசொலிகளில்தான். நன்றி சொல்லும் ‘தேங்க்ஸ்’ஸின் முதல் ஒலியைத் தமிழ்த் தகரமாகச் சொன்னால் அது வெடிப்பொலி ஆகிவிடும். நாக்கு நுனியை மேற்பல்லில் லேசாக வைத்து, காற்றை முழுதும் அடைக்காமல் கசிய விட வேண்டும்.

டகரத்திலும் சிக்கல் உண்டு. தமிழ் ட் நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டும் ஒலி. ஆங்கில ஒலியில் நாக்கு மடியாது. நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னுள்ள மேட்டைத் தொடும். யாழ்ப்பாணத் தமிழில் ‘வெற்றி’யின் ற்ற இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அங்கே கனடாவின் டொரொன்டோ நகரை ‘ரொறொன்ரோ’ என்று எழுதும் வழக்கம் காதுக்கு நெருக்கமானது.

அசையழுத்தம் பெற்ற அசையின் தொடக்கத்தில் ப், ட், க் வந்தால் ஒரு மூச்சு சேர்ந்து வெடிக்கும். வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடித்தால் அது அசைய வேண்டும். அசையாவிட்டால் ‘பென்’ என்ற பேனா, ஆங்கிலக் காதுக்கு அதிரும் பகரத்தில் தொடங்கும் ‘பென்’ என்ற ஆளின் பெயராகக் கேட்கும். ஸ்-க்குப் பின் வரும்போது மட்டும் அந்த மூச்சு தேவையில்லை.

சொற்கள் சேரும்போது ஒலி மாறுவதைச் சோம்பேறிப் பேச்சு என்று நினைப்பது பெரிய தவறு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் படித்த மூன்றும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. ஆனால் விதிகள் அப்படியே பொருந்தாது. நாம் சறுக்குவது அங்கேதான்.

திரிதலை எடுத்துக்கொள்வோம். ‘டென் பென்ஸ்’ வேகத்தில் ‘டெம் பென்ஸ்’ ஆகும். பின்வரும் உதட்டொலி முன்னுள்ள ன்-ஐ ம் ஆக்குகிறது. இதுவரை நமக்கு இயல்பாக வரும். பிறகு தமிழ்ப் பழக்கம் குறுக்கே வந்து அந்த ‘பெ’யையும் அதிர வைத்துவிடும். மாற வேண்டியது ன் மட்டும். ‘பெ’ மூச்சோடு, அதிர்வில்லாமல் நிற்க வேண்டும். இன்னொன்று: ஆங்கிலத்தில் இப்படி எளிதில் இடம் மாறுபவை ட், ட-வின் அதிரும் இணை, ன் ஆகியவைதான். ம் மாறாது. மரம் + கள் ‘மரங்கள்’ ஆகலாம். ‘சேம் கேம்’ ‘சேங் கேம்’ ஆகாது.

தோன்றலில் உடம்படுமெய்யே உண்டு. ‘சீ இட்’ என்பதில் மெல்லிய ய், ‘கோ அவுட்’ என்பதில் உதடு குவிந்த வ். ஆனால் அது இரண்டு உயிர்களுக்கு நடுவில் மட்டும். நாம் சொல் முதலிலும் சேர்த்து ‘யெம்.ஏ.’, ‘வொன்லி’ என்கிறோம். பத்து முட்டைகள் ‘டெனெக்ஸ்’. ‘டென் யெக்ஸ்’ அல்ல. பிரிட்டிஷ் பேச்சில் தொலைவைக் குறிக்கும் ‘ஃபார்’ தனியே நின்றால் ர் ஒலிக்காது. ‘ஃபார் அவே’ என்னும்போது திரும்பி வரும்.

கெடுதல் எளிது: ‘நெக்ஸ்ட் டே’ ‘நெக்ஸ் டே’ ஆகும். அடுத்து உயிர் வந்தால் ட்-ஐ விழுங்கக் கூடாது. ‘லாஸ்ட் ஆர்டர்’ என்பதில் அது அடுத்த சொல்லோடு ஒட்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது சிறு சொற்களின் நலிந்த வடிவம். ‘டு’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘அண்ட்’, ‘கேன்’ போன்றவை வாக்கிய நடுவில் அழுத்தம் இழக்கும். அவற்றின் உயிர், நாக்கு நடுவாயில் ஓய்ந்து நிற்கும் மங்கிய ஒலியாகும். குற்றியலுகரம்போலக் குறுகும், ஆனால் நாக்கு அந்த அளவு உயராது. ‘ஐ கேன் கோ’ என்பதில் ‘கேன்’ தேய்ந்து ‘க்ன்’ என்று கேட்கும், அழுத்தம் ‘கோ’வில் விழும். முடியாது என்றால் ‘கேன்ட்’ என்ற எதிர்மறைச் சொல்லே அழுத்தம் பெறும். நாம் இரண்டிலும் ‘கேன்’ஐ அழுத்தி, எதிர்மறையின் ட்-ஐ விழுங்கிவிட்டால், வருகிறோமா இல்லையா என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே உடன்பாட்டில் உயிரைத் தேய்த்துப் பழகுங்கள். எதிர்மறையில் பிரிட்டிஷ் வழக்கின் நீண்ட ‘கான்ட்’ பாதுகாப்பானது. வாக்கியக் கடைசியில் மட்டும் நலிவு கூடாது: ‘யெஸ், ஐ கேன்’ என்பதில் உயிர் முழுதாக ஒலிக்க வேண்டும்.