வாயிற்காவலரை வைத்து ஒரு பாடம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானத்தின் உயரத்தைச் சொல்வதற்கு முன், வாயிலில் நிற்கும் துவாரபாலகர் எனும் காவலர் சிலையின் முன் அவர்களைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கலாம். பொருளை முதலிலேயே விளக்கிவிட வேண்டாம். அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

காவலரின் கதாயுதத்தைச் சுற்றியுள்ள பாம்பின் வாயைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது ஒரு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையே இரையாகும் அளவுக்குப் பாம்பு பெரியதென்றால், அந்தப் பாம்பு சுற்றிக்கிடக்கும் ஆயுதத்தை ஏந்தியவர் எவ்வளவு பெரியவர் என்று கேட்டால், பிள்ளைகள் தாமே கணக்கிடத் தொடங்குவார்கள். கல்லின் அளவை மட்டும் நம்பாமல், ஒப்பீட்டாலும் பேருருவத்தை உணர்த்திய சோழச் சிற்பியின் இந்த உத்தியைவிடத் தெளிவான சான்றை அழகியல் பாடத்துக்கு நான் கண்டதில்லை.

அடுத்து கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கை எச்சரிக்கிறது. மற்றொரு கை வியப்பைக் காட்டி, உள்ளே இருக்கும் இறைவனின் பெருமையை உணர்த்துகிறது. இத்தனை வலிமை கொண்டவர் ஏன் தம்மைக் காட்டாமல் இன்னொருவரைக் காட்டுகிறார் என்ற கேள்வியை எழுப்பி, விடையை ஒவ்வொருவரும் நான்கு வரிகளில் எழுதட்டும். அதிகாரம், பணிவு, பொறுப்பு ஆகியவை குறித்த உரையாடல் அங்கிருந்து இயல்பாகவே வளரும். நேரில் செல்ல இயலாத பள்ளிகள், முழு உருவமும் பாம்பின் வாயும் தனித்தனியே தெரியும் இரண்டு படங்களைக் கொண்டே இதை நடத்தலாம். முழு உருவத்தை முதலில் காட்டுவது முக்கியம்.